தட்டுகளுக்குப் பின்னால்

என் படகுச் சுவரின் பழைய பலகையைக் கெல்வின் நெம்பி எடுத்தபோது உள்ளேயிருந்து சரிந்து விழுந்தது கம்பளி இல்லை, தெர்மோகோலும் இல்லை. கசக்கித் திணித்த செய்தித்தாள். இரண்டாவது பலகைக்குப் பின்னால் சோப்புத்தூள் அட்டைப்பெட்டிகள் இருந்தன. மூன்றாவதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. துருப்பிடித்த இரும்பும் அதில் வழிந்துகொண்டிருந்த தண்ணீரும்தான்.

'குளிர் உள்ளே வராதபடி முழுக்க அடைப்பு வைத்த படகு' என்று சொல்லித்தான் எனக்கு விற்றிருந்தார்கள். நான்கு குளிர்காலம் அந்த வார்த்தையை நம்பிப் படுத்திருக்கிறேன். காலையில் எழுந்தால் தலையணை ஈரமாக இருக்கும். அலமாரியில் வைத்த செருப்பில் பூசணம் பூத்திருக்கும். இருமல் ஒன்று வந்தது, வந்தது வந்ததுதான், போகவே இல்லை. சென்ற பிப்ரவரியில் டாக்டரம்மா என் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி வராது.

"இன்னொரு குளிர்காலம் இந்த ஈரத்துல இருந்தீங்கன்னா உங்க நுரையீரல் தாங்காது, ரோவீனா. ஒண்ணு படகைச் சரி பண்ணுங்க. இல்லையா, வித்துட்டுக் கரையில ஒரு வீடு பாருங்க."

கரையில் வீடு! கரையில் எனக்கு ஒரு வீடும் ஒரு புருஷனும் இருந்த காலம் உண்டு. இரண்டிலும் சுவருக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த அறுபதடி நீளக் கால்வாய்ப் படகுக்கு வந்து சேர்ந்தவள் நான். அகலம் ஏழடிக்கும் குறைவு. கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் கைக்கு எட்டும், ஒளிவுமறைவுக்கு இடமில்லை என்று நினைத்து வாங்கினேன். படகின் பெயர் 'பேஷன்ஸ்'. பொறுமை. பெயர் வைத்தது நானில்லை.

ஆக, ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த குளிர்காலத்துக்குள் உலர்ந்த சுவர். அது கிடைத்தால் தண்ணீரில் இருப்பேன், கிடைக்காவிட்டால் கரை.

கெல்வினைக் கூட்டிவந்தது க்ளைவ். எங்கள் படகுத்துறையில் படகுப் பட்டறை வைத்திருப்பவன் க்ளைவ், நல்ல மனிதன், ஆனால் எல்லாரையும் நம்புவான். கெல்வின் தச்சன், தெற்கேயிருந்து தன் படகிலேயே வந்தவன். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏன் வந்தான், அங்கே யாரை விட்டுவிட்டு வந்தான், யாருக்கும் தெரியாது. எங்கள் ஸ்டாஃபோர்ட்ஷைரில் பால்காரனிலிருந்து பாதிரியார்வரை எல்லாரும் எல்லாரையும் செல்லமாக 'வாத்தே' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்து ஒரு வருஷமாகியும் இவன் வாயில் அது வரவில்லை. நான் அவனுக்கு 'மிஸஸ் டான்ஸ்லி'தான். இவ்வளவு மரியாதை கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான் என்று நான் யோசிக்காமல் இருக்க முடியுமா?

ஜூன் மாதத்தில் மூன்று வாரம் வேலை. அதுவரை நான் பக்கத்துப் படகில், பாட்சியோடு. பாட்சிக்கு என்னைவிட இரண்டு வயது கூட, குரல் இரண்டு மடங்கு.

முதல் நாளே கெல்வின் ஒரு நிபந்தனை போட்டான்.

"நான் அடைக்கிற வரைக்கும் உள்ள வராதீங்க, மிஸஸ் டான்ஸ்லி."

"என் படகுக்குள்ள நான் வரக்கூடாதா?"

"தூசி" என்றான். அவ்வளவுதான் பதில். அன்று மத்தியானம் பார்க்கிறேன், ஜன்னல்களில் உள்பக்கமாகத் துணி கட்டியிருக்கிறான்.

நான் பாட்சியின் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்துகொண்டேன். ஆட்டுக்கம்பளி அடைப்பு இருபத்திரண்டு மூட்டை வந்து இறங்கியது. எண்ணினேன். பைன் மரப்பலகை கட்டுக் கட்டாக வந்தது. வெள்ளித்தாள் சுருள் ஐந்து வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, கம்பளி மூட்டை இரண்டு, பிரிக்காதவை, திரும்ப அவன் வேனில் ஏறின. என் கண்ணால் பார்த்தேன்.

"பாட்சி! பாத்தியா? ரெண்டு மூட்டை போகுது!"

"எங்க போகுதாம்?"

"அவன் படகுக்குத்தான் போகும். என் கம்பளியில அவன் கதகதன்னு தூங்குவான்."

"போய்க் கேளேன்டி."

"கேட்டா உண்மையச் சொல்லிடுவானாக்கும்!"

பாட்சி எனக்கு முன்னால் தேநீரை வைத்தாள். "புருஷனைக்கூட நீ இப்படிக் காவல் காத்திருக்க மாட்டே."

"காத்திருந்தா இன்னும் இருந்திருப்பான்" என்றேன்.

மூன்றாவது வாரம் முடிவில் என்னைக் கூப்பிட்டான். உள்ளே போனேன். சொல்லிவிடுகிறேன், அழகாகத்தான் இருந்தது. கூரை வளைவுவரை பைன் பலகைகள் ஒன்றோடொன்று கவ்வி நின்றன. மூட்டுகளின் மேல் ஓக் மரப் பட்டிகள் ஓடின. ஜன்னல் ஓரமெல்லாம் கையால் இழைத்து மழுக்கியிருந்தான். புது மரத்தின் வாசனை. ஒரு பலகையைக் கையால் தடவினேன். அதே நிமிஷத்தில் உள்ளே ஒரு குரல் சொன்னது: எனக்குப் படகு விற்றவனும் வெளியே அழகாகத்தான் செய்திருந்தான்.

கெல்வின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். "ஒரு விஷயம் சொல்லணும், மிஸஸ் டான்ஸ்லி. இந்தப் பலகைங்க இருக்கில்ல, நீங்க எப்ப வேணும்னாலும்…"

"வாயால உத்தரவாதம் எதுவும் வேண்டாம்பா" என்று வெட்டினேன். "எனக்கு வித்தவனும் வாயாலதான் சொன்னான்."

அவன் சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு சின்னத் திருப்புளியை எடுத்தான். கதவுப்பக்கம் ஓர் ஆணியில் மாட்டினான், போய்விட்டான். ஓஹோ, கருவியை மறந்தமாதிரி விட்டுவிட்டுப் போனால் அதை எடுக்கிற சாக்கில் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாமே, என்று நினைத்தேன். அவன் வரவில்லை. நான் அதைக் கடுகு டப்பா மூடி திறக்க வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். அப்புறம் ஒருநாள் படுக்கையில் கிடந்தபடி சுவரைத் தட்டிப் பார்த்தேன். ஓர் இடத்தில் 'டொக்' என்றது, கொஞ்சம் தள்ளி 'டக்' என்றது. அவ்வளவுதான், தூக்கம் போயிற்று. இந்த வேலையின் சங்கடமே இதுதான். கதவு செய்தால் திறந்து பார்க்கலாம், மேஜை செய்தால் ஆட்டிப் பார்க்கலாம். மூடின சுவருக்குள் வைத்த அடைப்பை என்ன செய்து பார்ப்பது? செய்தவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை, கையால் சுற்றுகிற டிரில்லை எடுத்தேன். படுக்கைத் தலைமாட்டில், சுண்டுவிரல்கூட நுழையாத ஓர் ஓட்டை போட்டேன். குரோஷா ஊசியை உள்ளே விட்டு ஒரு திருகு திருகி இழுத்தேன். கொக்கியில் வெள்ளை வெளேரென்று கம்பளி வந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஓட்டைக்கு மேலே ஆணி அடித்து ஒரு தட்டை மாட்டினேன். விளிம்பெல்லாம் பின்னல் வைத்து, ரிப்பன் கோத்த பீங்கான் தட்டு. கால்வாய்ப் படகு என்றால் அந்தத் தட்டு இல்லாமல் இருக்காது. யாரும் அதைத் தூக்கிப் பார்க்கவும் மாட்டார்கள்.

வெட்கம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் தோன்றியது: யாராவது சோதித்தால் தலைமாட்டில்தானே சோதிப்பார்கள்? அது அவனுக்கும் தெரியுமே? அங்கே மட்டும் வைத்திருந்தால்? ஆகவே அடுப்புக்கு எதிரே ஒன்று போட்டேன். கம்பளி வந்தது. குளியலறைப் பக்கம் ஒன்று. கம்பளி வந்தது. கம்பளி வர வர என் சந்தேகம் குறையவேண்டும் இல்லையா? குறையவில்லை. இவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்றுகிறானே என்று கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய தட்டுகளாகத் தேடி வாங்கினேன். பாட்சி வந்து பார்த்துவிட்டு, "ராணி வீடு மாதிரி இருக்குடி!" என்றாள். ஆகஸ்ட் கடைசியில் பதினான்கு தட்டுகள் ஆகியிருந்தன.

பதினைந்தாவது ஓட்டையைப் பின்பக்கம், ஜன்னலுக்குக் கீழே போட்டேன். ஊசியை விட்டேன். ஊசி போனது, போய்க்கொண்டே இருந்தது, கைப்பிடி சுவரில் இடிக்கும்வரை போனது. இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்ப விட்டு நாலாபக்கமும் துழாவினேன். வெறும் காற்று.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயமில்லை. சந்தோஷம். இதை ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோஷம்தான்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு மத்தியானம் க்ளைவின் பட்டறையில் எல்லாப் படகுக்காரர்களும் கூடிச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். படகுக்கு ஒரு பண்டம். நான் ஆப்பிள் பணியாரம் சுட்டு எடுத்துப்போனேன், பாட்சி ஊறுகாய் வெங்காயம் கொண்டுவந்தாள். அன்றைக்குத்தான் க்ளைவ் குளிர்கால வேலைகளை யார் யாருக்கு என்று எல்லார் முன்னாலும் சொல்லுவான். அவன் பெஞ்சின்மேல் ஏறி நின்று, "மூணு படகு, உள்வேலை முழுக்க, கெல்வினுக்கு" என்றான். கைதட்டினார்கள். கெல்வின் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான், காது சிவந்திருந்தது.

நான் எழுந்தேன்.

"அந்த மூணு படகுக்காரங்களும் கொஞ்சம் கேட்டுக்கோங்க" என்றேன். "என் சுவத்துக்குப் பின்னால இவன் வெச்சிருக்கிறது என்ன தெரியுமா? காத்து. வெறும் காத்து!"

கெல்வின் தட்டைக் கீழே வைத்தான்.

"எந்த இடத்துல, மிஸஸ் டான்ஸ்லி?"

"அத நீதான் சொல்லணும்."

"நான் வந்து பாக்கறேன். இப்பவே வரேன்."

"உன் காலு என் படகுல படக்கூடாது. வந்து சாமர்த்தியமா எதையாவது திணிச்சிட்டுப் போறதுக்கா?"

"ரோ, விடும்மா, சாப்பிடற நேரத்துல…" என்றான் க்ளைவ்.

"நாலு வருஷம் செய்தித்தாளுக்குள்ள படுத்து இருமினவ நான். உனக்கென்ன தெரியும்?" என்றேன். சொல்லும்போதே இருமல் வந்தது. அந்த இருமல் என் பக்கம் சாட்சி சொன்னது. எல்லார் முகமும் மாறுவதைப் பார்த்தேன். கெல்வின் ஒருமுறை என்னைப் பார்த்தான். அப்புறம் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குற்றவாளிதான் பேசாமல் போவான் என்று அன்று நான்கு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

மூன்று படகுகளும் வேறு ஆளுக்குப் போயின. கெல்வின் தன் படகை அவிழ்த்துக்கொண்டு இரண்டு மதகு தாண்டிக் கீழே, புதர் மண்டிய பழைய கரையில் போய்க் கட்டினான்.

இதற்கு அப்புறம் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு கழித்து மூன்றாம் நாள், தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள் எழுந்தேன். பதினைந்தாவது ஓட்டைக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு ஓட்டை போட்டேன். ஊசியை விட்டேன். முதல் இழுப்பிலேயே ஒரு பிடி வந்தது. வெள்ளைக் கம்பளி. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அடுப்பில் போட்டு எரித்தேன். நீலப் பூப்போட்ட தட்டு ஒன்றை மாட்டினேன். பதினாறு.

ஒரு ஓரத்தில் கம்பளி இருந்தால் என்ன, இன்னொரு ஓரத்தில் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மூட்டை போனதைக் கண்ணால் பார்த்தேனே என்றும் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது.

டிசம்பரில் உறைபனி விழுந்தது. அடுப்பை மூட்டினேன், கெட்டில் நாள் முழுக்கக் கொதித்தது, துணியை உள்ளேயே காயப்போட்டேன். எல்லாரும் செய்வதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் தலைமாட்டுத் தட்டுக்குக் கீழே பலகை கறுத்திருந்தது. தொட்டால் ஈரம். குளியலறைப் பக்கத் தட்டுக்குக் கீழே அதைவிடப் பெரிய கறை. அந்தப் பழைய வாசனை, செய்தித்தாள் வாசனை, திரும்ப வந்தது. இருமலும் வந்தது.

"சொன்னேனா இல்லையா?" என்று பாட்சியை இழுத்துவந்து காட்டினேன். "ஆறே மாசம்! சாயம் வெளுத்துடுச்சு பாரு!"

பாட்சி கறையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் சரியாக இல்லை. "டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கில்ல? நீ இதுல தூங்காத. என்கிட்ட வந்துடு." அப்புறம் கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "நேத்து நான் அந்தப் பக்கம் நடந்து போனேன். அந்த கெல்வின் படகுப் புகைபோக்கியில புகையே இல்லடி. இந்தக் குளிர்ல."

"நடிப்பு" என்றேன்.

"யாருக்கு நடிக்கிறான்? அங்க வாத்துங்களத் தவிர யாரு இருக்கா?"

ஜனவரியில் க்ளைவ் ஒரு முடிவுக்கு வந்தான். கெல்வின் வந்து சுவரைத் திறக்கட்டும், சாட்சிக்கு ஆள் இருக்கட்டும், உள்ளே ஒன்றுமில்லை என்றால் இந்தக் கால்வாயில் அவனுக்கு இனி வேலை கிடையாது, இதுதான் முடிவு. எனக்கு முழுச் சம்மதம் என்று சொன்னேன். என்னை நம்புகிறவர்கள் சம்மதமா என்று கேட்கும்போது வேறென்ன சொல்வது?

காலை பத்து மணிக்கு வந்தார்கள். கால்வாய் உறைந்து படகைச் சுற்றிப் பனிக்கட்டி இறுகியிருந்தது. கெல்வின் மெலிந்திருந்தான். கரைப்பாதையில் க்ளைவும் பாட்சியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள்.

"உள்ள அத்தனை பேரும் நிக்க முடியாது" என்றான் க்ளைவ். "உன் படகு, உன் சுவரு, ரோ. அவன் திறக்கட்டும், நீ பாரு. வெளிய வந்து என்ன சொல்றியோ அதுதான். உன் வார்த்தை எங்களுக்குப் போதும்."

உள்ளே போனதும் கெல்வின் தன் கழுத்திலிருந்த துண்டை அவிழ்த்து என்னிடம் நீட்டினான். "மூக்கையும் வாயையும் கட்டிக்கோங்க. பலகையை எடுத்தா தூசி பறக்கும். உங்க நெஞ்சுக்கு ஆகாது. ஜூன் மாசமும் அதுக்குத்தான் உங்கள வரவேணாம்னேன்."

கட்டிக்கொண்டேன். ஜன்னலில் கட்டியிருந்த துணி எனக்கு ஞாபகம் வந்தது. நான் தங்கியிருந்த பாட்சியின் படகுக்குத் தூசி வராமலிருக்கத்தான் கட்டியிருக்கிறான்.

அவன் தன் பெட்டியைத் திறக்கவில்லை. கதவுப்பக்கம் போய் ஆணியில் தொங்கிய அந்தச் சின்னத் திருப்புளியை எடுத்தான். அதன் நுனியில் காய்ந்த கடுகு ஒட்டியிருந்தது. சட்டையில் துடைத்தான். ஓக் பட்டியின் ஓரத்தை விரலால் அழுத்தினான். பட்டி கழன்று கையோடு வந்தது. அதற்குப் பின்னால் வரிசையாகப் பித்தளைத் திருகாணிகள்.

"ஆணி அடிக்கல, மிஸஸ் டான்ஸ்லி. பழைய பலகைக்குப் பின்னால இருந்ததப் பாத்தப்ப உங்க முகத்தப் பாத்தேன். இனிமே இவங்களால யாரையும் நம்ப முடியாதுன்னு தோணிச்சு. எல்லாப் பலகையும் திருகாணிதான். எப்ப வேணும்னாலும் நீங்களே திறந்து பாத்துக்கலாம். அன்னிக்கு அதச் சொல்லத்தான் வந்தேன்."

படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

பலகையை எடுப்பதற்காகத் தலைமாட்டுத் தட்டைக் கழற்றினான். ஓட்டையைப் பார்த்தான். அடுத்த தட்டைக் கழற்றினான், அதற்கு அடுத்ததையும். ஒவ்வொரு தட்டையும் படுக்கையின்மேல் மெதுவாக, உடையாமல் வைத்தான். பிறகு நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பலகையை இறக்கினான்.

உள்ளே வெள்ளித்தாள், மூட்டுக்கு மூட்டு நாடா ஒட்டி, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டியிருந்தது. அதன் நடுவில் என் ஓட்டை. தாளை அறுத்து விலக்கினான். ஓட்டைக்கு நேர் பின்னால் கம்பளி கறுத்துச் சொதசொதவென்று தொங்கியது, மரச்சட்டத்தில் பூசணம் ஏறியிருந்தது, இரும்பில் துரு. ஒரு முழம் தள்ளிக் கம்பளி மூட்டை பிரித்த அன்றைக்கு இருந்தமாதிரி உலர்ந்து வெள்ளையாக இருந்தது.

"உங்க மூச்சு, கெட்டில் ஆவி, துணி ஈரம், எல்லாம் இந்த ஓட்டை வழியா உள்ள போகும். குளிர்ந்த இரும்புல பட்டதும் தண்ணியாயிடும். இந்தத் தாள்ல ஊசி முனை அளவு துளைகூட ஆகாது. அதுக்குத்தான் மூணு வாரம் ஆச்சு."

"அந்தப் பின்பக்க ஜன்னலுக்குக் கீழ…" என்றேன்.

அவன் போய் அதையும் திறந்தான். மரத்தால் செய்த ஒரு நீளப் பெட்டி, உள்ளே காலி. அதன் மேலும் கீழும் பின்னாலும் கம்பளி.

"பின்னாடி எப்பவாவது ஒரு விளக்கு வேணும்னு தோணினா, ஒயர் இழுக்கச் சுவத்த உடைக்க வேண்டாமேன்னு விட்டது." அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மொத்தம் எத்தனை ஓட்டை?"

"பதினஞ்சு" என்றேன்.

அவன் படுக்கையில் கிடந்த தட்டுகளைப் பார்த்தான். சுவரில் இன்னும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நீலப் பூப்போட்டது. அதைக் கழற்றினான். அந்த ஓட்டையிலிருந்து காலிப் பெட்டிவரை கையை விரித்து வைத்தான். ஒரு சாண். அதற்குப் பின்னால் கம்பளி இருப்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்தது.

"இது எப்பப் போட்டது?"

நான் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவன் திரும்பக் கேட்கவில்லை. நீலத் தட்டைத் துடைத்து மற்றவற்றோடு வைத்தான். அந்த இரண்டு மூட்டை எங்கே போயின என்று கேட்க எனக்கு வாய் துடித்தது, அப்போதும்கூட! அதை இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை போய்விட்டது.

"எல்லாத்தையும் இறக்கணும்" என்றான் கெல்வின், சுவரைத் தடவியபடி. "நனைஞ்ச கம்பளிய மாத்தணும், சட்டத்தக் காய வைக்கணும், இரும்பச் சுரண்டிப் பூசணும். மார்ச்சுக்குள்ள முடிச்சுடலாம். அதுவரைக்கும் நீங்க இங்க தூங்கக்கூடாது."

"உனக்கு நேரம் இருக்குமா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது.

"எனக்கு வேற வேலை எதுவும் இல்லையே, மிஸஸ் டான்ஸ்லி" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான்.

கதவுக்கு வெளியே பாட்சி கூப்பிட்டாள். "ரோ! என்னடி ஆச்சு? உள்ள என்ன இருக்கு?"

கெல்வின் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றான். இப்படிச் சொல்லுங்கள் என்று அவன் என்னைக் கேட்கவில்லை. வெளியே நிற்பவர்களுக்கு என் வார்த்தை போதும். 'கொஞ்சம் இருக்கு, கொஞ்சம் இல்ல' என்று சொன்னால்கூடப் போதும், நான் பைத்தியக்காரி ஆகாமல் தப்பிவிடுவேன். படிக்கட்டைப் பிடித்து எழுந்தேன். கடைசிப் படியில் நின்று ஒருமுறை இருமினேன். துண்டை அவிழ்த்தேன்.

வெளியே வெயிலில் கண் கூசியது. பாட்சி இரண்டு கோப்பைத் தேநீரோடு நின்றாள், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. க்ளைவ் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"சொல்லு வாத்தே. என்ன இருக்கு?"

"கம்பளி" என்றேன். "மூலைக்கு மூலை கம்பளி. ஒரு இடம் விடல அவன். ஈரம் வந்தது நான் போட்ட ஓட்டையால. பதினாறு ஓட்டை போட்டேன், ஒவ்வொண்ணையும் தட்ட மாட்டி மறைச்சேன்."

க்ளைவ் மெதுவாகக் கேட்டான். "உனக்கு இது இப்பத்தான் தெரிஞ்சுது, இல்லையா?"

ஆமாம் என்று சொல்லச் சொல்லி எனக்கு வழிவிட்டுக் கேட்ட கேள்வி அது. நல்ல மனிதன்.

"இல்ல" என்றேன். "உன் பட்டறையில கத்தினேனே, அதுக்கு மூணாம் நாளே கம்பளி இருக்குன்னு தெரியும்."

பாட்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எனக்கென்று கொண்டுவந்த தேநீரைக் கால்வாய்ப் பனிக்கட்டியின்மேல் கவிழ்த்து ஊற்றினாள்.